கீழே இருந்த முட்டை

மெர்சர் ஃபோர்க், மிசௌரி
மார்ச் 3

அன்புள்ள நேடீன்,

இந்தக் கடிதத்தை எழுதுவது நான்தான். உன் அண்ணன் ஆர்லிஸ். வேறு யாரும் பேனாவைத் தொடவில்லை.

நீ விச்சிட்டாவில் மகள் வீட்டில் படுத்திருக்கும் இந்த மூன்று மாதத்தில் நான் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நூலகத்தில் செவ்வாயும் வியாழனும் வகுப்பு. திருமதி ஃபென் சொல்லித் தருகிறார். பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்திக் கொடுப்பார், நான் மறுபடி எழுதுவேன். இது மூன்றாவது பிரதி. நான்கு நாள் ஆயிற்று. தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் தொலைபேசி என்றால் நீ முந்திக்கொண்டு பேசிவிடுவாய்.

எழுபத்தேழு வயதில் ஊரே புதிதாக இருக்கிறது. நம் தெரு முனையில் இருக்கும் மஞ்சள் பலகையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "மேலே வழி இல்லை." நாற்பது வருடம் நகராட்சியின் சாலை இயந்திரத்தை ஓட்டினேன். அந்தப் பலகையை நட்டவனே நான்தான். அதை நான்கு முறை வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணி ஓப்பல் இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

இனி எழுதுவது சந்தோஷமான விஷயம் இல்லை.

ஏப்ரல் ஏழாம் தேதி ஆம்புலன்ஸ் வரிக்கு மறுபடி ஓட்டு வருகிறது. அதனால் போன வியாழன் வகுப்பில் திருமதி ஃபென் பத்து வருடத்துக்கு முந்தைய ஓட்டுச்சீட்டின் மாதிரியை வாசிக்கக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்வதற்காக, ஊருக்குள் விற்கும் பொருள்களின் மேல் டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரி போடலாமா என்பது கேள்வி. அதன் கீழே பேனாவால் நிரப்ப வேண்டிய, முட்டை வடிவில் இரண்டு வட்டங்கள். மேல் முட்டைக்குப் பக்கத்தில் "ஆம்". கீழ் முட்டைக்குப் பக்கத்தில் "இல்லை".

கீழ் முட்டையின் மேல் வைத்த விரலை நான் எடுக்கவில்லை.

அந்த ஓட்டு அன்று நீதான் என்னோடு ஓட்டுப் போடும் மறைப்புக்குள் வந்தாய். ஓப்பல் சமையலறைத் தரையில் ஐம்பது நிமிடம் கிடந்து, பெரிய ஊரிலிருந்து வண்டி வந்து சேருவதற்குள் போய்ச் சேர்ந்த வருடம் அது. நான் உன்னைக் கேட்டேன், "எதும்மா ஓப்பலோட வண்டிக்கு?" நீ சொன்னாய், "கீழ இருக்கற முட்டை, அண்ணா. நல்லா அழுத்தி நிரப்பு."

பத்து வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த ஆம்புலன்ஸ் என் ஓட்டில் வந்தது என்று.

தெரிந்துதான் சொன்னாயா?

உன் அண்ணன்
ஆர்லிஸ் டோபின்


விச்சிட்டா, கான்சஸ்
மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. யாரையோ பிடித்து எழுதி வாங்கியிருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எழுத்தைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வேலிக்கம்பு மாதிரி தனித்தனியாக, சமமான இடைவெளியில் நிற்கிறது. நீ நட்ட வேலிதான் என்று அதைப் பார்த்தே நம்பினேன். சந்தோஷம். அறுபது வருடம் உனக்கு வந்த காகிதம் அத்தனையும் வாசித்துக் காட்டியவள் நான். எனக்கு ஒரு வேலை குறைந்தது.

மற்ற விஷயத்தில் நீ குழம்பியிருக்கிறாய். பத்து வருடத்துக்கு முந்தைய சங்கதி. மேயர், பள்ளிக்கூடம், அது இது என்று சீட்டில் ஏழெட்டுக் கேள்விகள் இருந்திருக்கும். வேறு எதற்கோ கீழே என்று சொன்னதை நீ இதற்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். படிக்கக் கற்றுக்கொண்ட புதிதில் எல்லாருக்கும் எதைப் பார்த்தாலும் சந்தேகம் வரும்.

இடுப்பு பரவாயில்லை. குச்சி வைத்துக்கொண்டு கூடம் வரை நடக்கிறேன். ஊருக்கு எப்போது திரும்புவது என்று ஷெரிலைக் கேட்டேன். என் மகள் எப்படிப் பேசுவாள் என்று உனக்குத் தெரியும். "அம்மா, அங்க ஆம்புலன்ஸ் இருந்தா போ. போன தடவை ஆறே நிமிஷத்துல வந்து தூக்கினாங்க, அதான் இன்னிக்கு என்னோட சண்டை போட்டுட்டு இருக்கே. ஓட்டுல அது போயிடுச்சுன்னா வீட்டை வித்துடலாம். நீ இங்கயே இருந்துடு." வீடு விற்கும் தரகரைக் கூடப் பார்த்து வைத்திருக்கிறாள்.

ஆகவே இந்த ஏப்ரல் ஓட்டு எனக்கும் உயிர்தான். பழையதைக் கிளறாமல் அதைப் பார்.

நேடீன்


மெர்சர் ஃபோர்க்
மார்ச் 14

நேடீன்,

அன்றைய சீட்டில் ஒரே ஒரு கேள்விதான். திருமதி ஃபென் நகராட்சியிலிருந்து முழுச் சீட்டையும் வாங்கிக் காட்டினார். மேயர் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ அழுத்தச் சொன்னாய் என்று நான் அழுத்தியதில் காகிதம் கிழிந்துவிட்டது. மேஜையில் இருந்தவர் வேறு சீட்டுக் கொடுத்தார். அதிலும் கீழே என்றாய். இரண்டு தடவை, நேடீன்.

உள்ளே வருவதற்கு முன் நீ கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாய். வாசிக்கத் தெரியாதவருக்கு உதவி செய்பவர் அவர் விருப்பப்படியே செய்வேன் என்று சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வேறு சேதி. தீயணைப்பு நிலையத்துப் பரணில் பழைய போர்டுகள் அறுபது இருந்தன. "ஆம்புலன்ஸ் வேண்டுமா? ஆம் என்று போடுங்கள்." நல்ல பலகையை எதற்கு வீணாக்க வேண்டும் என்று தீயணைப்புத் தலைவர் கிப் லாசன் இறக்கிக் கொடுத்தார். அறுபதையும் நானே ஊர் முழுக்க நட்டேன். ஒவ்வொன்றையும் அடிப்பதற்கு முன் வாசித்தேன். எதிர்ப்பக்கத்தார் ஒரு போர்டு கூட வைக்கவில்லை. தோற்றுவிடுவோம் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். இந்தத் தடவை நேராக எழுது.

ஆர்லிஸ்


விச்சிட்டா
மார்ச் 20

அண்ணா,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது.

தெரிந்துதான் சொன்னேன்.

என் கணவர் டேலின் மேஜை நாற்காலிக் கடையைப் பற்றி உனக்குத் தெரியும். அந்த வருடம் அது தள்ளாடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் வரி ஏறினால் ஜனங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக் கடைகளுக்குப் போய்விடுவார்கள் என்று அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "உன் அண்ணன் ஓட்டையும் சேத்து ரெண்டா போடு," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் செய்துவிட்டேன். உன் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது, எப்படியும் உனக்குத் தெரியப் போவதில்லை என்று நினைத்தேன். இரண்டாவது சீட்டு வந்தபோது மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் கீழே என்றேன்.

ஓப்பல் என் கல்யாணத்துக்குத் துணி தைத்துக் கொடுத்தவள். அதையும் நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

டிசம்பரில் பனியில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டேனே, அன்று ஆம்புலன்ஸுக்குள் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "பயப்படாத நேடீன். இது என் ஓட்டுல வந்த வண்டி. இன்னிக்கு உன்னைத் தூக்கிட்டுப் போகுது." நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலியால் என்று நீ நினைத்தாய்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஒன்று செய்திருக்கிறேன். வெளியூரில் இருப்பவர்களுக்குத் தபாலில் வரும் ஓட்டுச்சீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். நேற்று வந்தது. உறையைப் பிரித்தேன், பேனாவை எடுத்தேன், "ஆம்" என்ற முட்டையை நிரப்பினேன், ஒட்டினேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். பத்து வருடத்துக்கு முன் உன்னிடம் எடுத்த ஓட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

நேடீன்


மெர்சர் ஃபோர்க்
மார்ச் 25

நேடீன்,

நீ எழுதியதை மூன்று முறை வாசித்தேன். கோபப்படத்தான் உட்கார்ந்தேன். அதற்கு இப்போது நேரம் இல்லை.

நீ அந்தச் சீட்டை வாசித்தாயா?

நேற்று உள்ளூர்ப் பத்திரிகையில் மாதிரிச் சீட்டு வந்தது. சமையலறையில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்தேன். அப்படியே எழுதுகிறேன். "மெர்சர் ஃபோர்க் நகரம் ஆம்புலன்ஸ் பணிக்காக வசூலித்துவரும் அரை சென்ட் விற்பனை வரியை நீக்கறவு செய்யலாமா?"

நீக்கறவு. இந்தச் சொல்லை நான் பார்த்ததே இல்லை. எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். அகராதியில் நானே தேடினேன். அரை மணி நேரம் ஆயிற்று. "ஒரு சட்டத்தை இல்லாமல் ஆக்குதல்" என்று போட்டிருந்தது.

அகராதியை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். அதேதான் இருந்தது.

ஆம் என்று போட்டால் வரி போய்விடும், நேடீன். வண்டி போய்விடும். இல்லை என்று போட்டால்தான் நிற்கும்.

நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். கிப் ஆம்புலன்ஸ் டயரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கிப், ஆம்னு போட்டா வண்டி போயிடும்ய்யா."

சிரித்தார். "ஆர்லிஸ், நேத்துதான் எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சே. அதுக்குள்ள வக்கீல் காகிதமா? ஆம்னா ஆம்தான். பத்து வருஷமா அதேதான்."

"நீ படிச்சியா?"

"தெரிஞ்சதை எதுக்குய்யா படிக்கணும்?"

பத்திரிகையை அவர் கையில் திணித்து, சத்தமாக வாசிக்கச் சொன்னேன். மடமடவென்று வாசித்தார். அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டார். திரும்ப வாசிக்கச் சொன்னேன். இந்தத் தடவை அங்கே நின்றார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியே ஆம்புலன்ஸின் பின்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நகராட்சிச் செயலர் ட்வைலாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். வரி வேண்டாம் என்று ஊருக்குள் கடை வைத்திருப்பவர்கள் சிலர்தான் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்களாம். மனு எப்படிக் கேட்கிறதோ அப்படியே கேள்வியை அச்சடிக்க வேண்டும் என்பது சட்டமாம். "எல்லாரும் படிப்பாங்கன்னு நெனச்சேன், ஆர்லிஸ்," என்றாள்.

அவர்கள் ஏன் ஒரு போர்டு கூட வைக்கவில்லை என்று இப்போது புரிகிறது. அவர்களுக்கான போர்டு அறுபதையும் நானே நட்டுக் கொடுத்துவிட்டேன்.

உனக்குப் போன் செய்யலாம் என்றுதான் கையை நீட்டினேன். தபாலில் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். போட்ட பிறகு எதற்கு?

போர்டுகளை எல்லாம் பிடுங்கிவிடலாம் என்கிறார் கிப். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஆர்லிஸ்


விச்சிட்டா
மார்ச் 30

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஷெரிலைக் கூப்பிட்டு, "நீக்கறவுன்னா என்னடி?" என்று கேட்டேன். "ஏதோ நீக்குப்போக்கா இருக்கறதோ?" என்றாள். கல்லூரியில் படித்தவள்.

நம் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அனுப்பிய சீட்டைத் திரும்ப வாங்க முடியாதாம். இரண்டு முறை கேட்டேன். அங்கே இருந்த பெண் இரண்டு முறையும் மரியாதையாகவே சொன்னாள்.

நான் யார்? கடையில் வந்த ஒப்பந்தம், உனக்கு வந்த நோட்டீஸ், ஓப்பலின் ஆஸ்பத்திரிக் காகிதம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளியவள். அந்தச் சொல் என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. நான் பார்த்தது "ஆம்புலன்ஸ்" ஒன்று, "ஆம்" ஒன்று. நடுவில் இருந்த எதையும் பார்க்கவில்லை. ஒரு தடவை தெரிந்தே உன் ஓட்டைக் கெடுத்தேன். இந்தத் தடவை தெரியாமல் என் ஓட்டையே கெடுத்துக்கொண்டேன். என் வீட்டை விற்க நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிற்று.

ஒன்று மட்டும் கேள். போர்டுகளைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் அந்த இடம் காலியாகும், அவ்வளவுதான். ஜனங்கள் மனதில் பத்து வருடமாக "ஆம்" இருக்கிறது. காலி இடம் அதை எப்படி அழிக்கும்? பெயின்டை எடு. "ஆம்" மேல் வெள்ளை அடித்து அங்கே "இல்லை" என்று எழுது. அச்சகத்தை நம்பினால் தேர்தல் முடிந்து போய்விடும். உனக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே.

நேடீன்


மெர்சர் ஃபோர்க்
ஏப்ரல் 8

அன்புள்ள நேடீன்,

நிதானமாக எழுதுகிறேன். கை வலிக்கிறது. பெயின்ட் அடித்ததால்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றே வெள்ளை ஒரு டப்பா, கறுப்பு ஒரு டப்பா வாங்கினேன். வாங்கும்போது அரை சென்ட் வரியும் கொடுத்தேன், சந்தோஷமாக. ஒரு போர்டுக்கு இருபது நிமிடம். வெள்ளை அடித்து, காயவிட்டு, பிறகு எழுத வேண்டும். நான்கு நாளில் நாற்பத்தொன்று முடித்தேன். ஊருக்கு நடுவில் நான் எழுதியது நிற்கிறது, நேடீன். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

ஆனால் போர்டில் இப்போது என்ன இருக்கிறது பார். "ஆம்புலன்ஸ் வேண்டுமா? இல்லை என்று போடுங்கள்."

தபால் நிலையத்துக்கு எதிரே ஒரு அம்மா வண்டியை நிறுத்தினாள். "ஏங்க, வேணுமான்னு கேட்டுட்டு இல்லைன்னு போடச் சொல்றீங்க. காலைலயே குடிச்சிருக்கீங்களா?" என்றாள்.

பத்திரிகைத் துண்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். அவள் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அவள் அக்காவிடம் சொல்லப் போகிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காவல் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் ரைனர். நீ அவரைச் சின்னப் பையனாகப் பார்த்திருப்பாய், இப்போது மீசை எல்லாம் இருக்கிறது.

"மாமா, அந்த டப்பாவக் கீழ வைங்க. தேர்தல் போர்டக் கெடுக்கறீங்கன்னு மூணு புகார்."

"கெடுக்கல தம்பி. திருத்தறேன்."

"இப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க."

துண்டைக் கொடுத்தேன். வாசித்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி வாசித்தார். "எங்கம்மா போன வாரமே முன்கூட்டிப் போட்டுட்டாங்களே," என்றார். தொப்பியை வண்டிக்குள் போட்டுவிட்டு, "தூரிகை இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார். அன்று மூன்று போர்டு அவர் வெள்ளை அடித்தார். எழுதுவதை நான் விட்டுக் கொடுக்கவில்லை.

நேற்று ஓட்டு. மேஜையில் இருந்தவர் பழக்கத்தில், "உதவிக்கு யாரு வந்திருக்காங்க, ஆர்லிஸ்?" என்றார். யாரும் வரவில்லை என்றேன். தனியாக உள்ளே போனேன். முழுதாக வாசித்தேன். எட்டு நிமிடம் ஆயிற்று. வெளியே வரிசையில் யாரோ, "உள்ள என்ன கதையா எழுதறாரு?" என்றார்கள். நான் அவசரப்படவில்லை. கீழே இருந்த முட்டையை நிரப்பினேன். அதே கீழ் முட்டைதான். இந்தத் தடவை அழுத்தவில்லை.

மாலையில் நகராட்சிக் கூடத்தில் ட்வைலா எண்ணிக்கையைப் படித்தாள். ஆம், 388. இல்லை, 388.

கிப்தான் கேட்டார். "அப்படின்னா என்ன அர்த்தம்?" ட்வைலா சட்டப் புத்தகத்தைத் திறந்தாள். அவள் கூட இப்போது விரல் வைத்துத்தான் வாசிக்கிறாள். சரிபாதி விழுந்தால் கேட்டது நிறைவேறாதாம். நீக்கறவு இல்லை. வரி நிற்கிறது. வண்டி நிற்கிறது.

கிப் என்னைத் தூக்கிவிட்டார். இந்த வயதில் என்னை யாரும் தூக்கியதில்லை.

ஒரு தபால் உறை மட்டும் எண்ணாமல் தள்ளி வைக்கப்பட்டதாம். உறை மேல் ஏதோ குறை. யாருடையது என்று சொல்லக் கூடாதாம். அதற்குள் எந்த முட்டை நிரம்பியிருந்ததோ, நேற்று ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஷெரிலிடம் சொல், ஆறு நிமிடம் அப்படியே இருக்கிறது என்று. உன் மேல் உள்ள கோபமும் கொஞ்சம் இருக்கிறது. வந்து அதையும் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
ஆர்லிஸ்


விச்சிட்டா
ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

தள்ளி வைத்த உறை என்னுடையது.

இன்று தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். வெளியூரிலிருந்து அனுப்பும் உறையின் மேல் நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமாம். அது உறையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்ததாம். நான் பின்பக்கம் திருப்பவே இல்லை. நாக்கால் தடவி ஒட்டினேன், அவ்வளவுதான்.

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஷெரில் பயந்துபோய், "அம்மா, நெஞ்சு வலிக்குதா?" என்றாள். காகிதத்தை நீட்டினேன். இரண்டு முறை வாசித்தாள். "நீ அதைப் படிச்சிருந்தா இன்னிக்கு வீடு போயிருக்கும்மா," என்றாள்.

உள்ளே இருந்த கேள்வியை நான் படிக்கவில்லை. வெளியே இருந்த அறிவிப்பையும் படிக்கவில்லை. வெளியே இருந்ததை மட்டும் படித்திருந்தால் என் சீட்டும் சேர்ந்து "ஆம்" 389 ஆகியிருக்கும், வண்டி போயிருக்கும். இதை ஊரில் யாரிடமும் சொல்லாதே. கிப்பிடம் கண்டிப்பாகச் சொல்லாதே.

ஷெரில் தரகரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை என்னைக் கொண்டுவந்து விடுகிறாள். உன் கோபத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எனக்கு வர வேண்டியதுதான்.

நவம்பரில் மறுபடி தேர்தல் வருகிறது. சாவடியில் வெகு நேரம் நிற்க முடியாதவர்களும் ஒரு உதவியாளைக் கூட்டிக்கொண்டு போகலாமாம். விதியைப் படித்துப் பார்த்தேன், இரண்டு முறை. உன்னைத்தான் கூட்டிப் போகப் போகிறேன். இந்தத் தடவை கையைத் தூக்கிச் சத்தியம் செய்ய வேண்டியவன் நீ.

மேலேயா கீழேயா என்று மட்டும் சொல்லாதே. கேள்வியை முதலிலிருந்து கடைசி வரை வாசி. எட்டு நிமிடம் ஆனாலும் ஆகட்டும், நான் குச்சியை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன்.

உன் தங்கை
நேடீன்